கனம் என்று சொல்லக் கூடாது

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த புதிதில் என்னைப் பார்த்தவன் ஒவ்வொருத்தனும் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தினி ஜப்பான்காரன சுட்டே?" மந்தைவெளியில் முடி வெட்டுகிறவர் கேட்டார். லஸ் முனையில் டிராமுக்கு நின்றவன், முன்பின் தெரியாதவன், அவன் கேட்டான். நாங்கள் சாமி தூக்கிப் போகிற தெருவில் ஒரு வக்கீல் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஏண்டா, யுத்தத்துக்குப் போய்ட்டு வந்தியாமே? எத்தனை பேரைச் சுட்டே? ஆத்துல பசங்கள்ளாம் கேட்டுண்டே இருக்கா, சொல்லேன்."

நான் என்னத்தைச் சொல்ல? சுட்டது கொஞ்சம். சுமந்ததுதான் முழுக்க. அதைச் சொன்னால் அவர்களுக்கு முகம் தொங்கிவிடுகிறது. மூட்டை தூக்கவா ஒருத்தன் பர்மா வரைக்கும் போவான், அது இங்கேயே கிடைக்கிற வேலைதானே என்கிற மாதிரி ஒரு பார்வை. அதனால், "ஒரு அம்பது பேரு இருக்கும் மாமா" என்று அடித்துவிடுவேன். சந்தோஷமாக உள்ளே போவார். நாசமாய்ப் போக!

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தது வயிற்றெரிச்சலால்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் சாமி தூக்குகிறவர்கள். மந்தைவெளியை ஒட்டி ஒரு சின்னக் கோயில். பெரிய கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் கால் பங்குகூட அங்கே எட்டிப் பார்க்காது. ஆனாலும் பங்குனியில் உற்சவம் உண்டு, பல்லக்கு உண்டு, அதைத் தூக்குகிற உரிமை எங்கள் சொந்தக்காரர்களுக்கு மட்டும் உண்டு. பல்லக்கின் அடியில் ரெண்டு நீளத் தண்டு. ஒவ்வொரு தண்டுக்கும் முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர். வலது தண்டில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற ஆள் நான். எனக்கு நேர் பின்னால், மூச்சுக் காற்று பிடரியில் படுகிற தூரத்தில், என் மச்சான். என் பெண்டாட்டியின் அண்ணன். தூக்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

உயரம் பார்த்துத்தான் ஆளை நிறுத்துவார்கள். ஒருத்தன் ஒரு விரல்கடை உயரமாக இருந்தாலும் பாரமெல்லாம் அவன் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் மச்சானுக்கும் தோள் சமம். அதனால்தான் அவர் தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுத்தார் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பாதி நிஜம்.

தண்டுக்குக் கீழே நின்றுவிட்டால் 'கனம்' என்கிற வார்த்தை வாயில் வரக் கூடாது. சாமியைப் பார்த்து, நீ கனமாக இருக்கிறாய் என்று சொல்வாயா? முனகக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. நிஜமாகவே தாங்க முடியவில்லை என்றால் தண்டில் விரலால் ரெண்டு தட்டு. அவ்வளவுதான். பின்னால் நிற்கிறவன் புரிந்துகொண்டு தோளைக் கொஞ்சம் ஏற்றிப் பாரத்தை வாங்கிக்கொள்வான். மீசை முளைக்கிற வயசில் தண்டு பிடித்தவன் நான். அன்றிலிருந்து எதையும் கனம் என்று சொன்னதில்லை. மற்ற நாளில் விறகுத் தொட்டியில் கட்டை பிளந்து வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவேன். அந்தக் கட்டையைக்கூடச் சொன்னதில்லை. நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

வலது தோளில் எனக்கு ஒரு காய்ப்பு உண்டு. கோழி முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். என் பெண்டாட்டி அதைத் திமில் என்பாள். "இன்னாய்யா, திமிலுக்கு எண்ண தடவட்டா?" என்பாள். எனக்குக் கோபம் வராது, பெருமையாக இருக்கும். ஏனென்றால் விறகுக்காரனாக நான் போகும்போது, "கொல்லப் பக்கமா போட்டுட்டுப் போ" என்று சொல்கிற அதே வீட்டு அம்மாள், உற்சவத்தன்று குடத்தோடு வாசலுக்கு வந்து என் காலில் தண்ணீர் ஊற்றுவாள். வெயிலில் சாமியைத் தூக்கி வருகிற கால் ஆயிற்றே! தெருவே விலகி வழிவிடும். எனக்கு இந்த ஊரில் மனுஷன் என்று பேர் இருந்தது அந்தத் தண்டுக்குக் கீழேதான். வேறு எங்கேயும் இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சொல்லி மெட்ராஸே காலியானபோது விறகுத் தொட்டி முதலாளியும் குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டார். சமைக்க ஆள் இல்லாத ஊரில் விறகு யாருக்கு வேண்டும்? அந்த வருஷம் சாமிகூடப் பிராகாரத்தைச் சுற்றியதோடு சரி. அரிசி கிடைக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை. பட்டாளத்தில் மூணு வேளையும் சோறு என்றார்கள், போய் வரிசையில் நின்றேன். பெண்டாட்டி மூணு நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். "போ, போ. சாமிய எறக்கி வச்சிட்டு வெள்ளக்காரனுக்குத் தூக்கு." மச்சான் மட்டும் ரயிலடிக்கு வந்தார். "மாப்ள, வலது முன் தண்டு உன்னிதுதான். யார நிறுத்தினாலும் உனக்குப் பதிலாத்தான் நிறுத்துவேன். நீ வந்துடு" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் மூணு வருஷமும் ஓட்டினேன்.

சட்டையைக் கழற்றச் சொன்ன வெள்ளைக்கார டாக்டர் என் தோளைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலால் அமுக்கினார். வலிக்கவில்லை. இது என்ன என்று கேட்டார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாமி தூக்குகிற கதையெல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவன் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். டாக்டர் சிரித்துவிட்டு இன்னொரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் அமுக்கிப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவன் இப்படித்தான் அமுக்கிப் பார்ப்பான். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. ஆகா, நம் சாமிக்குப் பட்டாளத்திலும் மரியாதை இருக்கிறதே என்று பூரித்துப் போனேன். மடப்பயல்!

பாலம் கட்டுகிற, பாலம் உடைக்கிற பிரிவில் போட்டார்கள். ஒரு வருஷம் போல ஆன பிறகு, அதிலிருந்து கொஞ்சம் பேரைப் பொறுக்கித் தனிப் படை ஒன்றில் சேர்த்தார்கள். ஜப்பான்காரனுக்கு முன்னால் நின்று சண்டை போடுகிற படை இல்லை இது. காட்டு வழியாக அவன் முதுகுக்குப் பின்னால் போய், ரயில் பாதையையும் பாலத்தையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, மறுபடியும் காட்டு வழியாகவே திரும்ப வேண்டும். வண்டி போகாது. ரோடு கிடையாது. தின்கிறதற்கு ஆகாயத்திலிருந்து மூட்டை போடுவார்கள், அதுவும் போட்டால் உண்டு. மற்றதெல்லாம் முதுகில்.

முதுகில் என்றால் எப்படி? அரிசி, பிஸ்கோத்து, டப்பா இறைச்சி, துப்பாக்கி ரவை, கைக்குண்டு, வெடிமருந்து, கம்பளி, மண்வெட்டி, கொடுவாள், தண்ணீர். அரை மூட்டை அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறிப் பாருங்கள், தெரியும். மழையில் நனைந்தால் கம்பளி மட்டுமே ஒரு குழந்தை எடை இருக்கும். நின்றபடியே அந்த மூட்டையை யாரும் மாட்டிக்கொள்ள முடியாது. தரையில் உட்கார்ந்து, வாருக்குள் ரெண்டு கையையும் நுழைத்து, குப்புறப் புரண்டு, மண்டி போட்டு, நாலு காலில் நின்றால், பக்கத்தில் இருக்கிறவன் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவான். கடைசியாகப் புறப்படுகிறவன் பாடு திண்டாட்டம். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

சாமி தூக்குகிறது ஒரு தோள், ஒரு நடை. தோள் மாற்றலாம், நின்று மூச்சு வாங்கலாம், முட்டுக் கட்டை கொடுத்து இளைப்பாறலாம். இது அப்படி இல்லை. ரெண்டு வாரும் ரெண்டு தோளையும் பின்பக்கமாகப் பிடுங்கும். வார் பட்ட இடத்தில் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் வேர்வை இறங்கும். இதற்கெல்லாம் என் காய்ப்பு உபயோகப்படவே இல்லை. காய்ப்பு இருந்தது ஒரு இடம், வார் அறுத்தது வேறு இடம்.

கோவேறு கழுதைகளும் எங்களோடு வந்தன. அதுகள் கத்தினால் ஜப்பான்காரனுக்குக் கேட்டுவிடும் என்று, புறப்படும் முன்னாலேயே எல்லாவற்றுக்கும் தொண்டையில் அறுத்துக் குரலை எடுத்துவிட்டார்கள். வாயைத் திறக்கும், பல் தெரியும், சத்தம் வராது.

அந்தக் கழுதைகளில் ஒன்றை ஓட்டி வந்தவர் எங்கள் பக்கத்து ஆள்தான். ஒரு பாய். மயிலாப்பூர்ச் சந்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தவர். வீட்டில் உருது, வெளியில் எங்கள் தமிழ். அவருடைய கழுதை முதுகில்தான் வயர்லெஸ் பெட்டிக்கான பேட்டரி. நான் பார்த்த ஆட்களிலேயே வாய் ஓயாமல் புலம்புகிறவர் அவர்தான். "அய்யோ, செத்தேன் நைனா. முதுகு பூட்ச்சி. எங்கம்மா பெத்தது புள்ளையா பொதிமாடா?" அவர் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் மூட்டையிலிருந்து ஒன்றிரண்டைக் குறைப்பார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

காட்டுக்குள் நுழையும் முன் எங்கள் கேப்டன் வரிசையாக ஒவ்வொருத்தனிடமும் வந்து நின்றார். சின்ன வயசு வெள்ளைக்காரர், கெட்டவர் இல்லை. மூட்டையைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கூட வந்த ஹவில்தார் தமிழில் கேட்பார். "கனமா இருந்தா இப்பவே சொல்லிடு. உள்ள போன அப்புறம் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க." சொன்னவனுக்கெல்லாம் எதையாவது எடுத்தார்கள். என் முறை வந்தது. இடுப்பு ஏற்கெனவே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த வார்த்தை வரவே இல்லை. மூட்டைக்குக் கீழே நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? "இல்ல சார்" என்றேன்.

"இவன் கோயிலில் சாமி தூக்குகிற ஆள்" என்று ஹவில்தார் எடுத்துக் கொடுத்தார். கேப்டன் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். மற்றவர்களிடமிருந்து எடுத்ததில் ஒரு பங்கு, வெடிமருந்துப் பொட்டலம், என் மூட்டையில் ஏறியது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் நைனா, ஒரு வார்த்த சொன்னா உன் சாமி கோச்சிக்குமா? இது சாமியாய்யா? வெடிய்யா!"

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? பாதி ராஸ்தாவில் தாங்க முடியாமல் போனபோது என் விரல் தானாகவே வாரில் ரெண்டு தட்டு தட்டியது. பின்னால் மச்சான் இல்லை. வந்துகொண்டிருந்தவன் யாரோ வடக்கத்தியான், அவனும் செத்துப் பிழைத்து வந்துகொண்டிருந்தான். யார் வாங்கிக்கொள்வார்கள்? வெட்கக்கேடு, அதற்குப் பிறகும் பல தடவை தட்டியிருக்கிறேன்.

காட்டைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. பாலத்தைத் தகர்த்தோம், தண்டவாளத்தைத் தகர்த்தோம். அதற்குப் பிறகு ஓட்டம்தான். மழை பிடித்துக்கொண்டது. பூட்ஸுக்குள் அட்டை. மலேரியாவுக்கு மஞ்சள் மாத்திரை தின்று தின்று எல்லோருக்கும் கண்ணும் தோலும் மஞ்சள். விமானம் போடுகிற மூட்டை மரத்தில் மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஜப்பான்காரன் பக்கம் விழும். பசியில் மூங்கில் குருத்தை வேகவைத்துத் தின்றோம். வயிற்றுப்போக்கில் முக்கால்வாசிப் பேர் கால்சட்டையைப் பின்பக்கம் கிழித்துவிட்டுக்கொண்டே நடந்தார்கள். நின்று உட்கார்ந்தால் மூட்டையோடு மறுபடி எழுந்திருக்க முடியாதே, அதற்குத்தான். இதுதான் வீரம். வக்கீல் மாமாவின் பசங்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பாயின் கழுதை ஒரு சரிவில் கால் முறிந்து விழுந்தது. அதன் மேல் இருந்த பேட்டரியைக் கேப்டன் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. என் மூட்டையிலிருந்த வெடிமருந்து தீர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் பேட்டரி ஏறியது. வெடிமருந்தே தேவலை என்று ஆகிவிட்டது.

கொஞ்ச நாளில் பாய்க்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. நடக்க வைத்தோம், தள்ளாடி விழுந்தார். நடக்க முடியாதவனைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது அந்தப் படையின் சட்டம். ஒருத்தனைத் தூக்க நாலு பேர் வேண்டும், நாலு பேருக்கும் கை கட்டிப் போகும், கூட்டமே மெதுவாகும், எல்லோரும் சாக வேண்டும். கணக்கு சரிதான். யார் இல்லை என்றது?

நான் ஹவில்தாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், ரெண்டு மூங்கில் வெட்டிக்கிறேன். கம்பளிய கட்டிக்கலாம். ஆளு குடுங்க, நான் முன்னால நிக்கிறேன். இது என் வேல சார். நாங்க பரம்பரையா இதத்தான் செய்றோம். கீழயே வைக்க மாட்டேன்." அழுதேன் என்றே சொல்லலாம். ஹவில்தார் கேப்டனிடம் சொன்னார். கேப்டன் தலையை ஆட்டிவிட்டார், முடியாது என்று. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. இருந்து என்ன பிரயோசனம்?

ஒரு மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தோம். தண்ணீர்ப் புட்டியும் ஒரு கைத்துப்பாக்கியும் மடியில் வைத்தார்கள். எதற்கு என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதுவரை வாய் ஓயாமல் புலம்பிய மனுஷன் அன்றைக்கு ஒரு புலம்பல் புலம்பவில்லை. "போ நைனா. பேட்டரி கீதுல்ல உங்கிட்ட, அத பத்ரமா எட்த்துக்கினு போ" என்றார். கிண்டலா, நிஜமா, காய்ச்சல் பேச்சா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆளை விட்டுவிட்டோம். பேட்டரியை எடுத்துக்கொண்டு போனோம்.

அதற்கப்புறம் ஒரு மலை ஏற்றத்தில், சேற்றில் கால் வழுக்கி, மூட்டையோடு பின்பக்கமாக உட்கார்ந்தேன். இடுப்பில் விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கே கேட்டது. எழுந்து நடந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். பங்குனி, வலது தண்டு, மச்சான் எனக்காக வைத்திருக்கிற இடம், அதை மட்டும் நினைத்துக்கொண்டு ஒரு காலுக்குப் பின் ஒரு காலாக வைத்தேன். இங்கே நான் கழுதை. அங்கே போனால் மனுஷன். அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

எல்லை தாண்டி நம் முகாமுக்கு வந்து சேர்ந்ததும் என் முதுகிலிருந்து மூட்டையை இறக்கின வயர்லெஸ்காரன் பேட்டரியைப் பார்த்து முழித்தான். வயர்லெஸ் பெட்டி ஆற்றைக் கடக்கும்போதே இன்னொரு கழுதையோடு வெள்ளத்தில் போய்விட்டதாம். பாயை விட்டுவிட்டு வந்ததற்கும் முந்தின ஆறு அது. பெட்டி போன பிறகு பேட்டரி எதற்கு? தூக்கி எறி என்று என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் முனகியிருந்தால் ஞாபகம் வந்திருக்கும். அந்தக் கேப்டன் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காகக் குப்புறக் கிடந்தேன். முதுகெலும்பு நசுங்கிவிட்டது, இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்து பார்த்தால் ஊர் பழையபடி நிறைந்திருந்தது. முதலாளி கும்பகோணத்திலிருந்து திரும்பி, விறகுத் தொட்டியில் தராசுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். கட்டையை மற்றவர்கள் தூக்குவார்கள், நான் படிக்கல் வைப்பேன். பெண்டாட்டி அடையாற்றுப் பக்கம் ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்து அவளே குடம் குடமாகத் தூக்கி வருவாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மச்சான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "உன் எடம் அப்டியே கீது மாப்ள. எப்ப வேணா வா" என்றார். என் இடத்தில் நின்றிருந்தவன் ஒரு சின்னப் பையன், பெருந்தன்மையாக விலகிக்கொண்டான். பங்குனிக்கு மூணு மாசம் இருந்தது. நான் முதுகை யாருக்கும் காட்டவில்லை. பெண்டாட்டி வேலைக்குப் போன பிறகு ஆட்டுக்கல் குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து பார்ப்பேன். முதல் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் பழகிவிட்டது, அதாவது வலி பழகிவிட்டது.

ஒரு நாள் பங்களாவிலிருந்து சீக்கிரமாகத் திரும்பி வந்தவள் பார்த்துவிட்டாள். குழவியைப் பிடுங்கிக் கீழே போட்டாள், தரை பெயர்ந்தது.

"இன்னாய்யா பண்ற? பைத்தியமா புட்ச்சிகீது உனக்கு? பாதி முதுக வெள்ளக்காரன் ஒட்ச்சி அன்ப்ச்சான். மிச்சத்த சாமிக்குன்னு ஒட்ச்சிக்கப் போறியா?"

"எனக்கு வேற இன்னாடி கீது?" என்று கத்தினேன். "தராசுல கல்லு வைக்கிறவன்னு சாகணுமா நானு? அந்தக் காட்ல எதுக்குடி உசுர புட்ச்சிகினு நடந்தேன்?"

"எனக்காக நடந்தேன்னு ஒரு தபா சொல்லேன்யா, கேக்கறேன்" என்றாள். சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை.

உற்சவம் வந்தது. காலைப் புறப்பாடு. குளித்து, வேட்டி இறுக்கி, விபூதி பூசிக்கொண்டு போய் நின்றேன். குருக்கள் என்னைப் பார்த்து, "வந்துட்டியாடா? பகவான் காப்பாத்திக் கொண்டுவந்துட்டார், பார்த்தியா" என்று சொல்லி என் கழுத்திலும் ஒரு மாலை போட்டார். கூட்டத்தில் யாரோ, "பர்மாக்குப் போய்ட்டு வந்த ஆளு இவுருதான்" என்று கை காட்டினார்கள். கும்பிட்டார்கள்.

மேளம் அடித்தது. குனிந்து வலது தண்டின் முன்னால் தோளைக் கொடுத்தேன். மச்சான் பின்னால் நின்று குரல் கொடுத்தார். எட்டுப் பேரும் எழுந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்தினேன். வலி வரட்டும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. முதலில், அட, சாமி கிருபைதான் என்று நினைத்தேன். கோயில் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியபோதுதான் புரிந்தது. தண்டு என் தோளிலேயே இல்லை. காய்ப்புக்கும் தண்டுக்கும் நடுவில் காற்று போய்க்கொண்டிருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். மச்சான் தோளில் கம்பளியை நாலாக மடித்துத் தடிமனாக வைத்திருந்தார். தண்டு அதன் மேல் உயர்ந்து உட்கார்ந்திருந்தது. என் பங்கும் அவர் பங்கும் சேர்ந்து அவர் ஒருத்தர் தோளில். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. அவரும் வயசானவர்தான்.

தோளைத் தூக்கினேன். தண்டும் கொஞ்சம் மேலே போயிற்று. குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் நின்றபடி நடந்தேன். முதுகில் மின்னல் வெட்டியது. ஒரு நொடி தண்டு தோளில் பட்டது. அந்தக் கனம்! அது போதும் என்று இருந்தது எனக்கு. உடனே மச்சான் அடியில் கை கொடுத்துத் தண்டை இன்னும் உயர்த்திவிட்டார். நான் எக்க எக்க அது மேலே மேலே போயிற்று.

"மச்சான், எறக்கு" என்றேன், உதடு அசையாமல்.

"நட மாப்ள."

"எங்கிட்ட குடு மச்சான். தட்டினேனா நானு? கேட்டேனா உன்ன?"

"தங்கச்சி வந்து அழுதுட்டுப் போச்சி" என்றார். அவருக்கு மூச்சு இறைத்தது. "நீ தூக்கினது போதும்பா. சும்மா நின்னுகினு வா. உன் எடத்த யாரும் எட்த்துக்கல, இல்ல?"

தெரு இரண்டு பக்கமும் விலகியது. கும்பிட்டார்கள். வக்கீல் மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கொல்லைப் பக்கம் விறகு போடச் சொல்கிற அந்த அம்மாள் குடத்தோடு இறங்கி வந்து என் காலில் தண்ணீர் ஊற்றினாள். வெறும் ஆளாக நடந்து வருகிற கால் அது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காட்டில் என்னைக் கழுதையாக்கியபோதுகூட நிஜமான பாரத்தைத்தான் ஏற்றினார்கள். இங்கே என் சொந்தக்காரர்கள், என் மேல் உசுராக இருக்கிறவர்கள், என்னைப் பொம்மையாக்கி முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். யாரைத் திட்டுவது? அவளையா? இந்த மனுஷனையா? அவர் வேர்வை என் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

தெருமுனை திரும்பும்போது நான் குனிந்து வெளியே வந்துவிட்டேன். ஓடுகிற தண்டிலிருந்து முன் ஆள் சொல்லாமல் விலகினால் என்ன ஆகும் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் சாயும், சாமி ஆடும், கூட்டம் கூச்சல் போடும். கோபத்தில் நான் அதற்கும் துணிந்துதான் விலகினேன்.

பல்லக்கு ஒரு துளி சாயவில்லை. அதே நடையில் என்னைத் தாண்டிப் போயிற்று. மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்குக் கழுத்து திரும்பியிருக்காது. நான் மாலையோடு நடுத்தெருவில் நின்றேன். பின்னால் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை என் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் ஒத்திக்கோ நைனா. சாமி தெரில."

ஒத்திக்கொண்டேன்.